தோன்றாத மாநிலம்: செக்கோயாவின் நிலமும் மக்களும்

ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படத்திலே செக்கோயா என்னும் பெயருடைய மாநிலத்தைக் காண்டல் இயலாது. அம்மாநிலம் ஒருநாளேனும் ஆட்சி நடத்தியதில்லை. ஆயினும் அதற்கு ஓர் அரசியலமைப்பு இருந்தது, தலைநகர் குறிக்கப்பட்டிருந்தது, நாற்பத்தெட்டுக் கவுண்டிகளாக வகுத்த படமொன்றும் வரையப்பட்டிருந்தது. 1905ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆந் திகதி நிகழ்ந்த வாக்கெடுப்பிலே 56,279 பேர் அதனை ஆதரித்தனர். 9,073 பேர் எதிர்த்தனர். கற்பனை மாநிலம் என அதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். அந்நிலத்தின் இயல்பையும் அதில் வாழ்ந்தாரின் வரலாற்றையும் நோக்குவார்க்கு, அக்கற்பனை எத்துணை உறுதியான மண்மீது எழுந்ததென்பது புலனாகும்.

இந்நிலம் அக்காலத்தில் இந்தியப் பிரதேசம் என வழங்கப்பட்டது. வடக்கே கன்சாஸ், கிழக்கே ஆர்க்கன்சா, தெற்கே செவ்வாறும் அதற்கப்பால் ரெக்சாசும், மேற்கே ஒக்லகோமாப் பிரதேசமும் அதன் எல்லைகள். பரப்பு ஏறக்குறைய 31,000 சதுர மைல்; இலங்கைத் தீவினும் சற்றுப் பெரிது. கிழக்கெல்லையில் அடர்ந்த மலைக்காடு உண்டு. மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைந்து, மரங்கள் குறுகி, ஈற்றிலே புல்வெளி விரியும். காடும் புல்லும் கலக்கும் நடுப்பகுதியில், குட்டையான கருவாலி மரங்கள் நெருங்கி வளர்ந்த காட்டுப்பட்டி ஒன்று வடக்குத் தெற்காக ஓடுகின்றது. பழைய பயணிகள் அதனைக் குறுக்குக்காடு என்றனர்; வண்டி செலுத்துவார்க்கு அது பெருந் துன்பமாயிருந்தது.

இங்கு வாழ்ந்த ஐந்து இனத்தாரும் தாமே விரும்பி வந்து குடியேறியவரல்லர். செரோக்கியர், கிரீக்கர், சொக்ரோவர், சிக்கசோவர், செமினோலர் என்னும் இவர்களின் பழைய நாடு மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, ஜோர்ஜியா முதலாய தென்மாநிலங்கள் இருக்கும் இடத்தில் இருந்தது. 1830இல் சனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் ஒப்பமிட்ட குடியகற்றற் சட்டத்தின் பின்னர் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மேற்கே துரத்தப்பட்டனர். 1838-39இல் துரத்தப்பட்ட செரோக்கியர் ஏறத்தாழப் பதினாறாயிரவர். அவருள் நாலாயிரவர் வரையில் மாண்டனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. அவ்வழி 'கண்ணீர்த் தடம்' எனப் பெயர்பெற்றது. நிலத்தைப் பறித்த ஒப்பந்தங்களே, புதிய நிலத்தை எந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளும் அவர்தம் சம்மதமின்றி அடக்குவதில்லை என்ற வாக்குறுதியையும் செரோக்கியருக்கு அளித்தன. பின் நிகழ்ந்தவற்றை எடைபோடுவார் இவ்வாக்குறுதியை மறத்தலாகாது.

வடகிழக்குப் பகுதி செரோக்கியருடையது. ஓசாக் மேட்டுநிலத்தின் விளிம்பாகிய அங்கே சுண்ணக்கற் குன்றுகளும் தெளிந்த ஓடைகளும் மிகுதி. பிறந்த மலைநாட்டை ஒருவாறு ஒத்த இந்நிலத்திலே தாலக்குவா என்னும் ஊரைத் தலைநகராக்கி, 1839இல் அரசியலமைப்பொன்றை அவர்கள் இயற்றிக்கொண்டனர். அவர்தம் பெருமைக்கு முதற் காரணர், மாநிலத்துக்குப் பெயர் தந்த செக்கோயா ஆவர். ஆங்கிலம் எழுதவோ வாசிக்கவோ அறியாத அவர், வெள்ளையர் தாளிலே பேசுதலைக் கண்டு, பல்லாண்டு முயன்று 1821 அளவில் தம் மொழிக்கு எழுத்தமைத்தார். நம் உயிர்மெய்யெழுத்தைப் போல ஓரசைக்கு ஓரெழுத்தாக அமைந்த அவ்வரிசையில் இன்று வழங்குவன 85. உயிரெழுத்தின் குறியைக் கொண்டு வடிவத்தை ஊகிக்க அதில் இடமில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனங்கொள்ளல் வேண்டும். அவ்வாறிருந்தும் செரோக்கியர் சில ஆண்டுகளிலேயே அதனைக் கற்றுக்கொண்டனர். 1828இல் செய்தித்தாள் வெளிவந்தது. 1851இல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனி உயர்கல்விக் கழகங்கள் திறக்கப்பட்டன. மகளிர் கழகத்தின் கட்டடம் இன்று தாலக்குவாவிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் பகுதியாக நிற்கின்றது.

செரோக்கியரின் நிலத்துக்குத் தென்மேற்கே கிரீக்கர் நாடு. ஆர்க்கன்சா, வேடிகிரிஸ், கிராண்ட் என்னும் மூன்று ஆறுகளும் கூடும் முக்கூடல் அப்பகுதியின் இதயம் எனலாம். 1824இல் எழுந்த கிப்சன் கோட்டையும், பின்னர் புகையிரதப் பாதையால் வளர்ந்த மஸ்கோகி நகரும் அதன் அயலிலே உள்ளன. கிரீக்கரின் வாழ்வு ஊரை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் ஊருக்கும் அணையாத் தீ ஒன்றுண்டு. கிழக்கிலிருந்து வந்தோர் பழைய ஊர்த்தீயின் சாம்பலையும் கனலையும் உடன்கொணர்ந்து, ஒரு கருவாலி மரத்தடியில் மீண்டும் தீ மூட்டினர் என்பது அவர்தம் மரபு. அம்மரம் நிற்குமிடமே இன்று துல்சா என்னும் பெருநகர். பழைய ஊர்ப்பெயரின் திரிபே நகரின் பெயராயிற்று. செமினோலரின் பகுதி ஐந்திலும் சிறிது. இரு கனேடியன் ஆறுகளுக்கிடையே, வெவோக்காவைத் தலைநகராகக் கொண்டது.

தென்பாதி சொக்ரோவருக்கும் சிக்கசோவருக்கும் உரியது. இவ்விருவரும் நெருங்கிய மொழியினர். சிக்கசோவர் 1837இல் சொக்ரோவருக்குப் பணங் கொடுத்து அவர் நிலத்திற் பங்கு பெற்றனர். 1855இல் தனியாட்சி கொண்டனர். மொழியால் ஒன்றிய இவர்களை நிலம் வேறுபடுத்தியது. சொக்ரோவரின் கிழக்குப்புறம் வாசிற்றா மலைத்தொடரும் பைன் மரக்காடும். செவ்வாற்றங்கரையில் பருத்தி விளையும் வண்டல் நிலமும், வடபுறத்தில் நிலக்கரியும் உண்டு. சிக்கசோவரின் மேற்குப்புறமோ ஆர்பக்கிள் குன்றுகளைத் தவிர்த்தால் பெரும்பாலும் கால்நடை மேயும் புல்வெளி. ஒக்லகோமா என்னுஞ் சொல்லும் சொக்ரோ மொழியினதே. 'செம்மக்கள்' என்பது அதன் பொருள்.

ஐந்து நாடுகளிலும் நிலம் பொதுவுடைமை. உழுதவன் பயன்கொள்ளலாம், விற்றல் கூடாது. ஆயினும் இச்சமூகங்களைப் பொன்னுலகமாகக் கருதுதல் தவறு. செல்வர் பலர் ஆபிரிக்க அடிமைகளை உடன்கொணர்ந்தனர். உள்நாட்டுப் போரிலே ஐந்து அரசுகளும் தென்மாநிலங்களுடன் உடன்படிக்கை செய்தன. அதன் தண்டனையாக 1866இல் மேற்கு நிலங்களில் பெரும்பகுதியை இழந்தன. விடுதலை பெற்ற கறுப்பினத்தார் ஆறாவது சமூகமாக நிலைத்தனர். கிரீக்கர் நாட்டிலே 1903இல் தோன்றிய போலி என்னும் ஊர் அவர்தம் நகர்களுள் புகழ் மிக்கது.

பின்னர் வந்த கூட்டமே நிலப்படத்தின்மேல் இன்னொரு படத்தை வரைந்தது. 1872இல் புகையிரதப் பாதை வடக்கிலிருந்து செவ்வாறு வரை முற்றுப்பெற்றது. ரெக்சாசிலும் ஆர்க்கன்சாவிலுமிருந்து வந்த வெள்ளைக் குத்தகையாளர் தென்பகுதியிற் பருத்தி பயிரிட்டனர். அவர்தம் பேச்சும் சமயமும் கட்சிப்பற்றும் தென்னாட்டுச் சாயலின. அப்பகுதி பிற்காலத்திற் 'சின்ன டிக்சி' எனப் பெயர்பெற்றதற்குக் காரணம் அதுவே. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இத்தாலியரும் வந்தனர். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பிரதேசத்தின் மக்கட்டொகை ஏறத்தாழ 3,92,000. முதுகுடிகள் அதில் ஏழிலொரு பங்கினும் குறைந்தனர். தம் நாட்டிலே தாம் சிறுபான்மையினராதல் எத்தகைய நிலையென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வாஷிங்டன் அரசு இந்நிலையிற் கைவைத்தது நிலவுடைமை முறையிலாகும். 1893இல் நியமிக்கப்பட்ட டோஸ் ஆணைக்குழு பொதுநிலத்தை ஆளுக்காள் பங்கிடுமாறு வற்புறுத்தியது. 1898ஆம் ஆண்டுக் கேட்டிஸ் சட்டம் முதுகுடி நீதிமன்றங்களை ஒழித்தது; முதுகுடி அரசுகள் 1906 மார்ச் 4ஆந் திகதியுடன் முடிவெய்த வேண்டும் என்றுங் குறிக்கப்பட்டது. செரோக்கியர் ஒருவருக்குச் சராசரி 110 ஏக்கரும், கிரீக்கருக்கு 160 ஏக்கரும், சொக்ரோவருக்கும் சிக்கசோவருக்கும் 320 ஏக்கரும் பங்காயின. கிரீக்கருள் சிற்றோ ஹார்ஜோ என்பாரும், செரோக்கியருள் கீற்றூவாக் கூட்டத்தாரும் பங்கையே மறுத்தனர். பழைய ஒப்பந்தங்களைக் காக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. எந்த மாநிலமும் அவர்க்கு வேண்டாததாயிற்று.

மாநிலத்தை வேண்டினோர் வேறு வகையினர். அரசுகள் மறைதல் உறுதியாயின், அவற்றின் வாரிசாக முதுகுடிகளின் மாநிலமொன்றேனும் எஞ்சட்டும் என அவர்கள் கருதினர். 1905 ஓகஸ்ட் 21ஆந் திகதி மஸ்கோகி நகரின் நாடகசாலையொன்றிலே மகாநாடு கூடியது. கிரீக்கரின் தலைவர் பிளசன்ற் போட்டர் தலைமை வகித்தார். அவ்வினத்துக் கவிஞர் அலெக்சாந்தர் போசி செயலாளர். சொக்ரோத் தலைவர் கிரீன் மக்கேட்டன் உபதலைவருள் ஒருவர். எனினும் சாள்ஸ் ஹஸ்கெல், வில்லியம் மரே என்னும் இரு வெள்ளையரும் உபதலைவராயிருந்தனர். முன்னவர் புகையிரதப் பாதை அமைப்பவர். பின்னவர் சிக்கசோக் குடும்பத்தில் மணஞ் செய்தவர். இவர்கள் செக்கோயாவை உளமாரக் கருதினரா, அன்றி வேறொரு மாநிலத்திற் பெறும் பதவிக்குப் படியாகக் கொண்டனரா என்பது ஐயத்துக்குரியது. வாக்களித்தாருள்ளும் வெள்ளையர் மிகப் பலர் என்பதில் ஐயமில்லை. அம்மட்டில் இதனை முதுகுடிகள் மட்டும் எழுப்பிய கோரிக்கை என்றல் பொருந்தாது. அவர் தலைமையில் எழுந்தது என்றலே தகும்.

கிப்சன் கோட்டை தலைநகராகக் குறிக்கப்பட்டது. மதுவிலக்கு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. கவுண்டிகளிற் பலவற்றுக்கு முதுகுடித் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

கொங்கிரஸ் இதனைக் கருத்தூன்றி ஆராயவே இல்லை. மசோதாக்கள் இரு சபைகளிலும் கொண்டுவரப்பட்டுக் கிடப்பிற் போயின. சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற், 1905 டிசெம்பரிற் கொங்கிரசுக்கு விடுத்த செய்தியில், இந்தியப் பிரதேசமும் ஒக்லகோமாவும் ஒரே மாநிலமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தார். மறுப்புக்குக் காரணம் மக்களின் தகுதியின்மை அன்று, எண்கணக்கு. புதிய மாநிலம் ஒவ்வொன்றும் செனற் சபைக்கு இருவரை அனுப்பும். செக்கோயா சனநாயகக் கட்சியைச் சாரும் என்பது தெளிவு. கொங்கிரசிலே பெரும்பான்மை குடியரசுக் கட்சியினது. அந்த நவம்பர் மாதத்திலேயே துல்சாவுக்குத் தெற்கே, கிரீக்கர் நிலத்தில், கிளென் பூல் என்னும் பெரும் எண்ணெய் ஊற்று வெளிப்பட்டது. நிலத்தின்மீது பிறர் கொண்ட ஆசை அதனால் குறைந்திராது.

1907 நவம்பர் 16ஆந் திகதி இரு பிரதேசங்களும் ஒக்லகோமா மாநிலமாயின. போட்டர் அதற்கு இரண்டரை மாதம் முன்னரே காலமானார். போசி மறு ஆண்டிலே ஆற்றுவெள்ளத்தில் மூழ்கி இறந்தார். ஹஸ்கெல் முதற் கவர்னரானார். மரேயும் பிற்காலத்தில் அப்பதவி எய்தினார். செக்கோயாவின் அரசியலமைப்பிலிருந்து கருத்துக்கள் பல புதிய அரசியலமைப்புக்குள் வந்தன. புதிய சட்டசபையின் முதற் சட்டங்களுள் ஒன்று புகையிரத வண்டிகளிற் கறுப்பினத்தாரைப் பிரித்து வைத்தது.

இவ்வளவில் இவ்வரலாறு முடிந்ததென நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2020 ஜூலை 9ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க மீயுயர் நீதிமன்றம், மக்கேட் வழக்கிலே, ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. கிரீக்கரின் ஒதுக்கு நிலத்தை நீக்குவதாகக் கொங்கிரஸ் ஒருகாலும் வெளிப்படையாகச் சட்டமியற்றவில்லை. ஆதலின் குற்றவியற் சட்டத்தின் நோக்கிலே அது இன்றும் ஒதுக்கு நிலமே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2021இல் ஒக்லகோமாவின் நீதிமன்றம் அதனை ஏனை நான்கு நாடுகளுக்கும் விரித்தது. மறு ஆண்டில் மீயுயர் நீதிமன்றம், முதுகுடியல்லாதார் முதுகுடிகளுக்குச் செய்யும் குற்றங்களில் மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டெனக் கூறி, அதன் பயனை ஓரளவு சுருக்கியது. எல்லைகள் மட்டும் நின்றன. 1905ஆம் ஆண்டுச் செக்கோயாப் படத்தின்மீது இவ்வைந்து நாடுகளின் எல்லைகளை வைத்துப் பார்த்தால், வடகிழக்கு மூலையிலுள்ள சிறு இனத்தாரின் நிலந் தவிர, ஏறக்குறைய முழுப்பரப்பும் நிரம்பிவிடும்.

செக்கோயா, மக்கேட்டன் என்னும் பெயர்கள் ஒக்லகோமாவின் இரு கவுண்டிகளுக்கு இன்றும் வழங்குகின்றன. செக்கோயாக் கவுண்டியிலே, சாலிசோ நகருக்கணித்தாய், அவ்வெழுத்தாசான் வாழ்ந்த மரவீடு பேணப்பட்டு நிற்கின்றது. தலைநகராகக் குறிக்கப்பட்ட கிப்சன் கோட்டை, முக்கூடலின் அருகே, சில ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூராக உள்ளது.