ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டும் பயிற்சி

பண்டாரவளைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள் முழுக்கச் சரிவில் நிற்பவர்கள். அட்டை கடித்துச் சொறிந்த சிறு புண்கூட, காலில் நாள நோயோ நீரிழிவோ இருந்தால் மாதக்கணக்கில் ஆறாது. ஒவ்வொரு கட்டுக்கும் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும்.

தாதியர் பயிற்சி முதலில் மாற்றவேண்டியது, காய்ந்து ஒட்டிய கோஸைத் தினமும் பிடுங்கிக் கட்டும் பழக்கத்தை. அதோடு புதிதாக வளர்ந்த தசையும் பிய்ந்து வரும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அதைக் கெடுக்கும். ஈரப்பதமுள்ள புண்ணில் தோல் விரைவாக மூடுவதை 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் காட்டினார். சேலைனால் கழுவி ஒட்டாத கட்டுப் போட்டால், கசிவு குறைந்த புண்ணைச் சில நாட்களுக்கு ஒருமுறை அவிழ்த்தாலே போதும். சுற்றிலும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், தோட்ட மருந்தகத்தோடு நிற்காமல் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்பவேண்டும்.

எல்லாக் கட்டும் எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. நாளப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுத்தான் மருந்து. ஆனால் பாதத்தின் இரத்தவோட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கினால் காலே அழுகலாம். நீரிழிவுப் பாதத்திலோ அழுத்தம் நீங்கவேண்டும். செருப்பை மாற்றாமல் எத்தனை கட்டுப் போட்டும் வீண்தான்.

போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களின் படுக்கைப் புண்ணும் அழுத்தத்தால் வருவதே. அவர்களுக்கு வீட்டில் மருந்து கட்டுவது பெரும்பாலும் தாயோ மனைவியோ. தாதி கற்றதை அவர்களுக்கும் செய்து காட்டவேண்டும்.