கதவைப் பூட்டாத வீடு: ரங்கூனிலிருந்து ஒரு வரலாறு



நம் வீடுகளில் பர்மாக் கதை பேச ஆரம்பித்தால் சில விஷயங்கள் தவறாமல் வரும். 1942இல் காடும் மலையும் தாண்டி நடந்து வந்தது, 1964க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியது, அங்கே விட்டு வந்த கடை, வீடு. குடியிலும் அபினியிலும் விழுந்தவர்களைப் பற்றி மட்டும் பேச்சு வராது. இந்த மாதம் அவர்களைப் பற்றியும், அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துத் தேற்ற முயன்ற கிறிஸ்தவ இல்லங்களைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். நம் தெருக்களிலும் இந்தக் கஷ்டம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல.

ரங்கூன் நகரின் நடுவே, சூலே பகோடாவுக்குக் கிழக்கே, ஆற்றங்கரை வரை உள்ள பகுதியின் பெயர் கியாக்டடா. பர்மிய மொழியில் கல் பாலம் என்று பொருள். உயர் நீதிமன்றம், வங்கிகள், கப்பல் கம்பெனிகள், ஸ்டிராண்ட் ஹோட்டல் எல்லாம் எழுந்த இடம் அது. 1885இல் கட்டப்பட்ட இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயமும் அங்கேதான் இருந்தது. போரில் அது அழிந்தது. இப்போதுள்ள கட்டடம் 1952இல் எழுந்தது.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் இருந்த சுமார் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் அரிசி ஆலைகளில் உழைத்தவர்களும் அவர்களில் ஏராளம். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வந்த கடன் தலைமேல் இருக்கும். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். தங்கும் அறைகளில் இடம் போதாமல் தெருவில் படுத்தவர்களும் உண்டு. அலுத்துப்போன உடம்புக்குக் கள்ளும் சாராயமும் அபினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அபினிக் கடைகளுக்கு உரிமம் கொடுத்து வருமானம் பார்த்தது பிரிட்டிஷ் அரசாங்கம். பர்மிய மக்கள் சீரழிகிறார்கள் என்று மிஷனரிகளும் சில அதிகாரிகளும் முறையிட்ட பிறகு, 1893–94இல் கீழ்ப் பர்மாவில் புதிய விதி வந்தது. பர்மியர்கள் அபினி வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பழகியவர்கள் மட்டும் பதிவேட்டில் பெயர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் அந்தத் தடை இல்லை. உழைக்க வந்தவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெயர் எழுத அரசிடம் பதிவேடு இருந்தது. பழக்கத்தை விட நினைப்பவனுக்கு அந்த விதி எந்த வழியும் காட்டவில்லை.

தங்கவைத்து மீட்கும் முறை வேறு ஊரில் வளர்ந்தது. 1865இல் கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களில் வில்லியம் பூத் ஊழியம் தொடங்கினார். 1878இல் அது இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. பசித்தவனிடம் பிரசங்கம் மட்டும் செய்து பயனில்லை என்று கண்ட சேனை, 1888இல் லண்டனில் மலிவு உணவும் படுக்கையும் தரும் இடத்தைத் திறந்தது. 1890இல் பூத் தம் திட்டத்தைப் புத்தகமாகவே வெளியிட்டார். முதலில் சாப்பாடும் படுக்கையும், பிறகு பட்டறையில் வேலை, பிறகு நகரத்தை விட்டு விலகிப் பண்ணையில் வாழ்க்கை. 1891இல் எசெக்ஸ் மாவட்டம் ஹாட்லியில் அந்தப் பண்ணையும் தொடங்கியது. நேரத்துக்கு எழுவது, ஜெபம், வேலை, கூடி உண்பது, பழைய சேர்க்கையிலிருந்து விலகுவது என்று இன்றைய மறுவாழ்வு இல்லங்களில் காணும் ஒழுங்குமுறைக்கு இதுவும் ஒரு வேர்.

சேனை 1882இல் பம்பாயில் இறங்கியது. 1915இல் ரங்கூனுக்கும் வந்தது. ஆனால் அதே சேனைக்கு இன்னொரு முகமும் இருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அரசு வகுத்த குடியிருப்புகளை நடத்தும் பொறுப்பை அது ஏற்றுக்கொண்டது. அன்றைய சென்னை மாகாணத்தில், குண்டூர் பக்கம், 1913இல் உருவான ஸ்டூவர்ட்புரம் அப்படிப்பட்டது. அங்கே எருகுல மக்களுக்கு நிலமும் வேலையும் பள்ளியும் கிடைத்தன. ஆனால் அவர்கள் தாமாக வந்தவர்கள் அல்லர். அனுமதியின்றி வெளியே போகவும் முடியாது. லண்டனில் பசித்தவன் தானே கதவைத் தட்டினான். ஸ்டூவர்ட்புரத்தில் கதவுக்கு அரசு காவல் நின்றது. சபை ஒன்றுதான், ஜெபம் ஒன்றுதான். உள்ளே இருந்தவனுக்கு அது வீடா சிறையா என்பதைக் கதவுதான் தீர்மானித்தது.

சுதந்திர பர்மாவில் ராணுவ ஆட்சி 1962இல் வந்தது. நம்மவர்கள் கடைகளை இழந்து கப்பலேறினார்கள். 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளும் வெளியேற, சபைகளின் பொறுப்பு உள்ளூர் மக்களின் தோளில் விழுந்தது. போதை குறையவில்லை. அபினியோடு ஹெராயினும் சேர்ந்தது. 1993இல் வந்த சட்டம், போதைக்கு அடிமையானவர் அரசிடம் பதிவு செய்யாவிட்டால் 3 முதல் 5 ஆண்டு சிறை என்றது. நூறு ஆண்டுக்கு முந்தைய பதிவேடு மறுபடி வந்தது போல இருந்தது. பெயர் கொடுக்கப் பயந்தவர்கள் ஒளிந்துகொண்டார்கள். 2018இல் தான் அந்தச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது.

கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் வடக்குக் காச்சின் மாநிலத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள் 2014இல் பட் ஜசான் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். சபைகள் ஆதரித்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. கசகசாத் தோட்டங்களை அழிக்கத் துணிந்து போனார்கள். ஆனால் போதைக்காரர்களைப் பிடித்து அடைத்ததையும் அடித்ததையும் செய்தியாளர்கள் பதிவு செய்தார்கள். இத்தனைக்கும் பிறகு, ஐ.நா. கணக்குப்படி 2023இல் ஆப்கானிஸ்தானை மிஞ்சி, 1,080 டன் அபினியோடு உலகிலேயே முதலிடத்துக்கு வந்தது மியான்மர். விளைச்சல் பெருகும் நாட்டில் நோயாளியை அடித்து என்ன ஆகப்போகிறது?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி நம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட இடம் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. குடி, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

ஆகவே, வீட்டில் ஒருவரை மீட்பு இல்லத்தில் சேர்க்க நினைக்கும் நேயர்கள், எந்த மதத்தவர் நடத்தினாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். முறையான பதிவு இருக்கிறதா? டாக்டர் வருகிறாரா? பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் ஜெபத்தோடு மருந்தும் வேண்டும். வீட்டார் நேரில் பார்க்கலாமா, தனியாகப் பேசலாமா? அடிப்பதும் கட்டுவதும் உண்டா? ஜெபக் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் சாப்பாடு கிடைக்குமா?

கடைசியாக, திரும்பி வந்த பிறகு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். ஹெராயினை விட்டு ஓரிரு மாதம் இருந்தவர் மறுபடி பழைய அளவை எடுத்தால், உடம்பு தாங்காமல் உயிர் போகலாம். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய குடிநோயாளர் சங்கமான ஏ.ஏ., குடியை விட்டவர்கள் தொடர்ந்து கூடிப் பேசுவதையே அடிப்படையாகக் கொண்டது. இல்லத்தில் இருக்கும் சில மாதங்களை விட, வெளியே வந்த பிறகு இருக்கும் வருஷங்கள்தான் நீளமானவை.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தலைக்கு மேல் கூரை இல்லாமல் நின்றால் எப்படி இருக்கும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். குடியில் விழுந்தவரை மானக்கேடு என்று வீட்டுக்குள் மறைப்பதும், எங்கேயாவது பூட்டி வைத்தால் போதும் என்று கைகழுவுவதும் நமக்கு ஆகாது. அவர் தானாக உள்ளே வரவும், தேறி வெளியே வரவும் முடிகிற இடத்தைத் தேடிக் கொடுப்போம். வந்த பிறகு சாப்பாட்டுக்கு நம்மோடு உட்கார வைப்போம்.