பூஜ்யம் பைட் கோப்புகள்: லினக்ஸ் கற்ற ஒரு பாடம்

"சேமி" என்பதை அழுத்தியவுடன் கோப்பு வன்தட்டில் எழுதப்பட்டுவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். அதற்குள் மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்துவிட்டால்? லினக்ஸ் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு சுவையானது.

1993-ல் ரெமி கார்ட் முதலியோர் உருவாக்கிய எக்ஸ்ட்2 வெளிவந்தது. வேகமானதுதான். ஆனால் மின்சாரம் திடீரென்று போனால், மறுமுறை தொடங்கும்போது வட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டும். வட்டுகள் பெரிதாகப் பெரிதாக இந்தக் காத்திருப்பும் நீண்டது.

ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3 இதற்கு வழி கண்டது. 2001 நவம்பரில் அது லினக்ஸ் 2.4.15-ல் சேர்ந்தது. கடைக்காரர் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது போல, மாற்றங்கள் முதலில் ஜர்னல் என்ற பகுதியில் பதிவாகும். மின்சாரம் போனால் அந்தச் சிட்டையைப் பார்த்து விரைவில் சரிசெய்துகொள்ளலாம். மேலும் அதன் வழக்கமான அமைப்பில், உள்ளடக்கம் வட்டுக்குப் போன பிறகே அதைப் பற்றிய குறிப்பு உறுதியாகும். இது சுமார் 5 நொடிக்கு ஒருமுறை நடந்தது.

இந்தச் சொகுசு நிரலாளர்களைப் பழக்கிவிட்டது. "இப்போதே வட்டில் எழுது" என்று கேட்கும் எஃப்சிங்க் கட்டளையைப் பலர் தவிர்த்தார்கள். எக்ஸ்ட்3-ல் ஒரு கோப்புக்கு அதைக் கேட்டால், காத்திருக்கும் மற்றவையும் சேர்ந்தே எழுதப்படும். 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 அதை அடிக்கடி அழைத்தபோது கணினிகள் திணறின.

2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28-ல் எக்ஸ்ட்4 நிலையானதாக அறிவிக்கப்பட்டது. வேகத்துக்காக, உள்ளடக்கத்துக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே அது தள்ளிப்போட்டது. 2009 தொடக்கத்தில் உபுண்டு 9.04-ன் சோதனைப் பதிப்பில் விளைவு தெரிந்தது. கணினி உறைந்து மீண்டும் தொடங்கியபோது, சற்றுமுன் எழுதிய கோப்புகள் 0 பைட் அளவில் கிடந்தன. புதிய கோப்பை எழுதி, பழையதன் பெயரை அதற்குச் சூட்டுவது நிரல்களின் வழக்கம். பெயர் மாற்றம் வட்டுக்குப் போய்விட்டது, உள்ளடக்கம் போகவில்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை!

யார் தவறு? எஃப்சிங்க் அழைக்காத நிரல்களே காரணம் என்று எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ விளக்கினார். பாஸிக்ஸ் விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் வேலையை இழந்தவருக்கு விதி ஆறுதல் தருமா? அவரே திருத்தமும் எழுதினார். 2009 ஜூனில் வந்த 2.6.30, இப்படிப் பெயர் மாற்றும் கோப்புகளின் உள்ளடக்கத்தை உடனே எழுத ஏற்பாடு செய்தது.

பின்னர் 2020-ல் ஃபெடோரா 33 பணிநிலையப் பதிப்பு, தரவு கெட்டதா என்று சரிபார்க்கும் பிடிஆர்எஃப்எஸ்-க்கு மாறியது. எனினும் பாடம் பழையதே. சிட்டை கணக்கின் ஒழுங்கைத்தான் காக்கும். சிட்டைக்கே வராத சரக்கை அது மீட்டுத் தராது. முக்கியமான வேலைக்கு இன்னொரு வட்டில் ஒரு நகல் இருப்பதே நல்லது.