பானையும் பனிக்கட்டியும்

"ஊர்ப் பானைத் தண்ணீரின் குளிர்ச்சி இங்கே ஏது!" எனச் சுங்கை ரம்பாயில் முதியோர் பெருமூச்செறியக் கேட்டிருக்கிறோம். மண்ணின் குற்றம் என்பர் சிலர். தலைவிதி என்பாரும் உளர். குற்றம் காற்றினது. பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகுங்கால், உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மதுரைக் கோடையின் வறண்ட காற்று அவ்வாவியை விரைந்து ஏற்கும். கடலடுத்த மலாக்காவின் ஈரக்காற்றோ மெல்லவே ஏற்கும்.

கடற்கரைச் சென்னையிலும் காற்று ஈரமுடையதே. ஆங்கிருந்த வெள்ளையர்க்குப் பானை போதவில்லை, பனிக்கட்டி வேண்டியிருந்தது. 1833-இல் பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' என்னுங் கப்பல், ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியுடன் பூமத்தியரேகையை இருமுறை கடந்து, நான்கு திங்களில் கல்கத்தாவை அடைந்தது. எஞ்சியது சுமார் 100 டன்! கிராணி வேலையிற் கணக்கெழுதியே பழகிய நமக்குக் கரைந்ததைவிட எஞ்சியதே வியப்பு. ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் எளிதிற் புகாவண்ணம் டியூடர் மரத்தூளைப் பயன்படுத்தினார்; தூளிடையே சிறைப்பட்ட காற்றே காவலாயிற்று.

1842-இல் சென்னைக் கடற்கரையிலும் அவர்க்கு ஐஸ் ஹவுஸ் எழுந்தது. துறைமுகமில்லாத அந்நாளில், கொந்தளிக்கும் அலைமீது மசூலாப் படகு செலுத்திச் சரக்கைக் கரைசேர்த்தவர் நம்மவர். அக்குளிர்ச்சியைப் பருகியவர் துரைமாரும் செல்வருமே. இயந்திரம் பனிக்கட்டி செய்யத் தொடங்கவே அவ்வாணிகம் மடிந்தது. கட்டடம் மட்டும் நின்றது. 1897-இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். பின்னர், சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளை அதே கட்டடத்தில் வைத்துப் படிப்பித்தார்.