கல் என்னும் ஒரு சொல்

"கல்" என்பது ஈரெழுத்துச் சொல். யாப்பிலே ஒரு நேரசைக்கு மேல் தேறாது. ஆயினும் வடபுலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இச்சிறு சொல் படும் பாடு பெரிது. வீட்டினுள்ளே பாட்டியார் "கல்லை அடுப்பில் ஏற்று" என்றால் அது தோசைக்கல். வாயிற்படி தாண்டித் தெருவில் இறங்கிவிட்டால் அதே ஒலிக்கு நேற்று என்றும் நாளை என்றும் பொருள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வளரும் குழந்தைகள் "இவை ஒரே சொல்லா?" என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் தமிழை நோக்குவோம். பெயர்ச்சொல்லாகிய கல், மலையையும் பாறையையும் சிறு பரலையும் ஒருங்கே குறிக்கும். பொருள் மாறிய பின்னும் பெயர் மாறாமை இச்சொல்லின் தனி இயல்பு. தோசைக்கல் இரும்பாகிவிட்டது, எடைக்கல்லும் அவ்வாறே, இரண்டும் இன்னும் கல்தான். முந்தைய தலைமுறையினர் "ஊர் பத்துக் கல் தொலைவு" என எழுதியபோது, மைல் கல் தன் மைலை உதறிவிட்டுத் தானே அளவையாக நின்றது. போரில் மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்லையும் நம் முன்னோர் வெறுமனே "கல்" என்றே வழங்கினர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ்பிராமி எழுத்துடைய அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பானுக்குரியது. அக்கல்வெட்டின் சொற்கள் ஒரு கைவிரல்களுக்குச் சற்றே மேற்படும். அவற்றுள்ளும் "கல்" ஒன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அச்சொல்லை இன்று நான்காம் வகுப்புப் பிள்ளையும் உரையின்றிப் புரிந்துகொள்ளும்.

இனி, வினைச்சொல்லாகிய கல். கற்றான், கற்க, கல்வி என்பன இதன் வழி வந்தவை. பாறையில் எழுத்து வெட்டிப் பயின்றமையால் கல்வி எனப் பெயர் வந்தது என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். கேட்க இனிது, ஆயின் சான்றில்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி இவ்விரண்டையும் வெவ்வேறு பதிவுகளாகவே வைக்கிறது. கன்னடமும் அவ்வாறே, கல்லைக் "கல்லு" என்றும் கற்றலைக் "கலி" என்றும் பிரித்து வழங்குகிறது. தோண்டுதலைக் குறிக்கும் "கல்லுதல்" என்னும் வினை ஒன்றும் நம்மிடம் உண்டு. கல்விக்கு மணற்கேணியை உவமை காட்டிய வள்ளுவரை நினைப்போர்க்கு அவ்வினையும் கற்றலும் ஓரினம் எனத் தோன்றலாம். உவமை வேறு, சொற்பிறப்பு வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது.

இந்தியின் "கல்" முற்றிலும் வேறு குலத்தது. வடமொழியில் "கல்ய" என்பது விடியற்காலம். பிராகிருதத்தில் அது "கல்ல" ஆகி, இன்று கல் என நிற்கிறது. விடியல் எவ்வாறு நாளையாயிற்று என்று வியக்க வேண்டுவதில்லை. செருமானியர் காலைக்கும் நாளைக்கும் "மார்கன்" என்ற ஒரே ஒலியை வழங்குகின்றனர். நம் பழந்தமிழிலும் "நாள்" என்பதற்கு விடியற்காலை என்ற பொருள் உண்டு. "நாளை" அந்நாளில் பிறந்ததே. வியப்பு வேறிடத்தில் உளது. வடமொழி நேற்றை "ஹ்யஸ்" என்றும் நாளையைச் "ச்வஸ்" என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தது; அதன் வழிவந்த இந்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. "கல் ஆயா" என்றால் நேற்று வந்தான். "கல் ஆயேகா" என்றால் நாளை வருவான். வினைமுற்று வரும்வரை காலம் தெரியாது. வங்காளியர் "கத கால்" என்றால் நேற்று, "ஆகாமி கால்" என்றால் நாளை என அடைமொழி சேர்த்துத் தெளிவுபடுத்துவர். மராத்தியர் நேற்றுக்கு மட்டும் "கால்" என்று சொல்லி, நாளைக்கு "உத்யா" என வேறு சொல்லை வைத்துக்கொண்டனர். அலுவலகங்களில் மனுவோடு வருவோரிடம் வினைமுற்றில்லாமல் "கல்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கம் உண்டு. அந்தக் கல் நாளையைக் குறிப்பதாக வந்தவர் நினைத்துக்கொள்வார்!

இந்தியிலேயே இன்னும் இரண்டு கல் உண்டு. நிம்மதி என்னும் பொருளில் ஒன்று; மனம் நிலைகொள்ளாதவனைப் "பேகல்" என்பர். இது நலமுடைமையைக் குறிக்கும் "கல்ய" என்னும் வடசொல்லின் வழித்தோன்றல். மற்றொன்று இயந்திரம். தொழிற்சாலைகளைக் "கல்-கார்கானா" என்பதும், வங்கத்தில் சணல் ஆலையைச் "சட்கல்" என்பதும் இதனால் வந்தவை. இந்தக் கல்லுக்குத் தாய் "கலா". நம் "கலை"யையும் அதன் வழிப்பட்டதாகவே பேரகராதி குறிக்கும். தமிழறிஞர் சிலர் கல் என்னும் வினையடியாக அதனைக் கொள்வர். பேரகராதியின் பக்கமே சாய்ந்தால், நம் வீட்டுப் பெண்ணின் பரதக் கலையும் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலையும் ஒரு தாய் மக்களாகின்றன!

துருக்கியரிடம் "கல்" என்றால் "இங்கேயே இரு" என்று பொருள். இலத்தீனில் சுண்ணக்கல் "கால்க்ஸ்". அதன் சிறுமைப் பெயர் "கால்குலுஸ்", அதாவது கூழாங்கல். கூழாங்கற்களை வைத்து எண்ணியமையால் கணக்கிடுதலுக்கே அப்பெயர் ஆயிற்று. இதைக் கண்டதும் "அதுவும் தமிழே" என்று கைதட்டல் பெறுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சொல்லின் ஒலியும் பொருளும் ஒத்துவிட்டால் உறவாகிவிடாது; பல சொற்கள் ஒரே ஒழுங்கில் மாறி வருதல் வேண்டும். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் பலூசிஸ்தானத்துக் கலாத் நகரையும் நாம் கல்லோடு சேர்க்க நேரும். அதுவோ கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்.

ஆனால் அதே பலூசிஸ்தானத்தில்தான் மெய்யான உறவு காத்திருக்கிறது. அங்கே பிராகுவி பேசுவோர், கல்லை "ஃகல்" என்கின்றனர். (ஆய்தம் மொழிமுதல் வாராது என்பது இலக்கணம், தொண்டையில் உரசி வரும் அவ்வொலியை எழுத எனக்கு வேறு வழியில்லை.) கண் அவர்களுக்கு "ஃகண்", கன்னடர் "கிவி" என்னும் செவி "ஃகஃப்". ககரம் இவ்வாறு ஒரே முறையில் திரிந்து நிற்பதே உறவுக்குச் சான்று. அரசு அலுவல் பார்த்துக்கொண்டே இம்மொழியை ஆராய்ந்த டெனிஸ் பிரே, 1909இல் இலக்கணத்தையும் 1934இல் சொற்பிறப்புத் தொகுதியையும் வெளியிட்டார்.

பிராகுவியர் தம் இனமொழிகளை விட்டு நெடுந்தொலைவில், பலூசியரிடையே பன்னெடுங்காலமாக வாழ்பவர். அவர்தம் குழந்தை எண்ணத் தொடங்கினால் "அசிட், இரட், முசிட்" என்று மூன்று வரை தன் மொழியில் செல்லும். இரட் நம் இரண்டு. முசிட் நம் மூன்று. நான்காவது எண்ணிலிருந்து "சார், பஞ்ச்" என்று அயல்மொழி வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவதைக் கேட்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. நான்கையும் ஐந்தையும் இழந்த அம்மக்கள், காலடியில் கிடப்பதை இன்றும் ஃகல் என்றே சொல்லி எடுக்கின்றனர்.