களவும் பொய்வேடமும் – 'காதலிக்க நேரமில்லை'

தமிழில் வண்ணப்படம் என்றால் நெடுங்காலம் வாளும் மகுடமும்தாம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கர்ணன்' (1964) ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். கர்ணன் வந்த அதே ஆண்டு பிப்ரவரியில், ஸ்ரீதர் வண்ணத்தைச் சமகால இளைஞர்களின் சட்டைக்கும் சேலைக்கும் கொண்டுவந்தார். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என அழவைத்துப் பெயர் பெற்றவர், கோபுவுடன் இணைந்து சிரிக்கவைக்கத் துணிந்தார்.

எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. நாயகன் ரவிச்சந்திரன் புதுமுகம். மலேயாவில் பிறந்து திருச்சியில் படித்தவர். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்தமையால், நாங்களும் அவர்மீது சற்றே உரிமை கொண்டாடலாம்.

கதை எளிது. வேலை இழந்த அசோக், தோட்ட முதலாளி விசுவநாதனின் வீட்டெதிரே கூடாரமடிக்கிறான். அவர் மகளைக் காதலிக்கிறான். பணத்தாசை மிக்க அவரை மயக்கத் தான் பெருஞ்செல்வரின் மகன் என்கிறான். நண்பன் வாசு அச்செல்வராக வேடமிட்டு வருகிறான். அந்த வாசு காதலிப்பதோ முதலாளியின் மற்றொரு மகளை! தந்தையாக நடிப்பவன் மருமகனாகவும் ஆகவேண்டிய இந்த முடிச்சே படத்தின் உயிர்.

பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம்: அங்கே சிரிப்பை விளைப்பது நாகேஷின் வாயொலிகள் மட்டுமல்ல, அவற்றைக் கேட்டு நடுங்கும் பாலையாவின் முகமும்தான். சொல்வோனும் கேட்போனும் சமமாக நடித்த காட்சி அது. வின்சென்டின் ஒளிப்பதிவில் ஆழியாறும், விசுவநாதன் – ராமமூர்த்தியின் இசையும் இன்றும் பழசாகவில்லை.

குறை எங்கே? அகப்பாடல் பயிற்றுவிப்போர்க்கு அது எளிதில் புலப்படும். களவொழுக்கத்தில் மறைத்தல் உண்டு. தலைவன் தான் யார் என்பதை மாற்றிக் கூறுவதில்லை. தோழி அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்துகையில் களவு கற்பாகிறது. பொய் புகுந்த பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். இப்படத்திலோ பாங்கனே பொய்க்குத் துணை. உண்மையை முன்வந்து உரைக்கும் தோழி இல்லை. பெண்கள் இருவரும் அழகாக ஆடுகிறார்கள், காத்திருக்கிறார்கள். கதையை நகர்த்துவோர் ஆண்களே.

இன்னொன்று: அசோக்கின் கூடாரம் ஒரு வேலைநீக்கத்துக்கு எதிரான போராட்டமாகத்தான் தொடங்கியது. பெண் கிடைத்ததும் அந்த நியாயம் மறந்துபோகிறது. தொழிலாளிக்கு விடை, முதலாளியின் மருமகனாவது! காதலுக்குத் தடை பணம் மட்டுமே என்றும் படம் சாதிக்கிறது. சாதி குறுக்கே நிற்கும் ஊர்களிலிருந்து வரும் எங்கள் மாணவர்க்கு அந்தச் சின்னமலை, காணக்கிடைக்காத தேசம். ஒரு பொய்த்தாடியால் அவர்கள் கடந்துவிடக்கூடிய வேலி அன்று அது.

ஆயினும் அவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். தந்தையின் அதிகாரத்தை அஞ்சவேண்டிய ஒன்றாக அன்றி, ஏமாற்றத்தக்க ஒன்றாகக் காட்டியதே இப்படத்தின் பெரிய துணிவு. இந்தியிலும் தெலுங்கிலும் எடுத்தாளப்பட்ட பின்னும் பாலையாவின் அந்த நடுக்கத்துக்கு நிகரில்லை. குறைகளை அறிந்தே மீண்டும் பாருங்கள், சுவை குன்றாது.