திருச்சி வட்ட நோட்டு

பிரிட்டிஷ் இந்திய அரசு திருச்சிராப்பள்ளி நாணய வட்டத்தின், அதாவது நோட்டை வெளியிட்டு மாற்றித்தரும் பகுதியின், பெயரில் வெளியிட்ட பழைய பணத்தாள். தஞ்சைப் பகுதிச் சேகரிப்பாளர்களின் நெடுநாள் தேட்டம். 1861 காகிதப் பணச் சட்டம், மதராஸ் வங்கி போன்ற மாகாண வங்கிகளிடமிருந்து நோட்டு வெளியிடும் உரிமையைப் பறித்தது. அமெரிக்காவிலோ சிற்றூர் வங்கியும் 1863 முதல் 1935 வரை தன் பெயரிட்ட தேசிய வங்கி நோட்டை வெளியிட முடிந்தது. 1904இல் தொடங்கிய கும்பகோணம் வங்கிக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே இங்கே ஊர்ப்பெயருக்கு வட்டம்தான் கதி.

நோட்டு, வெளியான வட்டத்தில்தான் உரிமையோடு மாற்றத்தக்கதாக இருந்தது. 1903இல் ஐந்து ரூபாய் நோட்டில் தொடங்கி இத்தடை படிப்படியாகத் தளர்ந்தது. ஒருபக்கம் மட்டுமே அச்சான தாள்கள் இவை. தபால் திருட்டுக்கு அஞ்சி வணிகர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி சேர்ந்த செய்தி வந்தபின்பே மறுபாதியை அனுப்பினர். ஒட்டிய தாள்கள் அதனால்தான் கிடைக்கின்றன.

வட்டம், கையெழுத்து, தேதி, தாளின் நிலை ஆகியவை விலையைத் தீர்மானிக்கும். குண்டூசித் துளை பொறுக்கத்தக்கது. கழுவி இஸ்திரி போட்டது பொறுக்கத்தக்கதல்ல. தஞ்சை டெல்டாவின் ஈரமும் இராமபாணப் பூச்சியும் பெரும் பகை. வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள்.